ஆடாத உடைமையும் உடைமையற்ற ஆட்டமும்

1

'உழுபவனுக்கே நிலம்' என்ற முழக்கம் நமக்குப் பழக்கமானது. அதே அச்சில் வார்த்தெடுத்த இன்னொரு முழக்கம் 2017க்குப் பிறகு கணினி விளையாட்டுச் சந்தையில் புழங்கத் தொடங்கியது. தமிழில் சுருக்கிச் சொன்னால் 'ஆடுபவனுக்கே உடைமை'. வீடியோ கேம் ஆடுகிறவர் ஆட்டத்துக்குள் ஈட்டுகிற வாள், சீட்டு, வளர்ப்புப் பிராணி, மனை எதுவும் இதுவரை அவருக்குச் சொந்தமாக இருந்ததில்லை. கம்பெனி நினைத்தால் பறிக்கலாம், மாற்றலாம், மொத்தமாக இழுத்து மூடலாம். பிளாக்செயின் என்ற தொழில்நுட்பம் அந்தப் பொருட்களை ஆடுகிறவரின் பெயரிலேயே பதிந்துவிடும், இனி யாரும் கை வைக்க முடியாது என்பது வாக்குறுதி. இதை உரக்கச் சொன்னவர்களில் முன்னணியில் நின்றவை துணிகர முதலீட்டு நிறுவனங்கள். மூலதனம் நம் முழக்கத்தை இரவல் கேட்கும்போது 'எதுக்கு?' என்று திருப்பிக் கேட்பது நம் கடமை.

'பசங்க விளையாடுற கேமுக்கெல்லாம் கோட்பாட்டுக் கட்டுரையா?' என்று சலித்துக்கொள்ளும் தோழர்கள் இருப்பார்கள். 2021இல் பிலிப்பைன்ஸின் சிறு நகரங்களில் இந்த ஆட்டம் அரிசியாகவும் மருந்தாகவும் வாடகையாகவும் இருந்தது. 2022இல் அது கடனாக மாறியது. ஓர் ஆட்டம் ஒரு வட்டாரத்தின் வயிற்றோடு இப்படிப் பிணைந்துவிட்ட பிறகு அதைப் பொழுதுபோக்குப் பக்கத்துக்கு ஒதுக்கிவிட முடியாது.

பிளாக்செயின் என்பது என்ன? ஊர்க் கணக்கு ஏடு கர்ணம் ஒருவரிடம் மட்டும் இருந்தால் அவர் இரவோடிரவாகத் திருத்திவிடலாம். அதே ஏட்டின் படி ஊரில் நூறு வீட்டில் இருந்து, புதிய வரி ஒவ்வொன்றையும் நூறு பேரும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் சேர்க்க வேண்டும் என்றால் திருத்துவது கடினம். இந்த ஏற்பாட்டைக் கணினிகளைக் கொண்டு செய்வதுதான் பிளாக்செயின். ஆட்டத்துக்குள் இருக்கும் ஒரு பூனையோ வாளோ இன்னாருக்குச் சொந்தம் என்று அந்த ஏட்டில் எழுதினால் அதற்கு என்.எஃப்.டி. என்று பெயர். பட்டா மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தப் பட்டா எதற்குப் பட்டா, பட்டா கையிலிருந்தும் கேட்க முடியாத கேள்விகள் எவை, இவைதான் என் விசாரணை. என் வாதத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஆட்டத்தில் பொருளின் உடைமை ஒன்று, விதியின் உடைமை வேறொன்று. முதலாவதைக் கொடுத்து இரண்டாவதைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டதுதான் இந்தப் பத்தாண்டின் தந்திரம். ஆட்டத்தின் இன்பம் செத்துப்போனதற்கும் காரணம் அங்கேதான் இருக்கிறது.

2

முதலில் குறையை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆடுகிறவர்களின் மனக்குறை பொய்யில்லை.

2003இல் பெய்ஜிங்கில் லி ஹோங்சென் என்பவர் ஒரு விளையாட்டு நிறுவனத்தின்மீது வழக்குத் தொடர்ந்தார். அவர் நெடுங்காலம் ஆடிச் சேர்த்த ஆயுதங்களை யாரோ ஊடுருவித் திருடிவிட்டார்கள். 'அவை வெறும் தரவு, அவற்றுக்கு மதிப்பு இல்லை' என்றது நிறுவனம். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை, பொருட்களைத் திருப்பிக் கொடு என்று அந்த ஆண்டு டிசம்பரில் தீர்ப்பளித்தது. ஆட்டத்துக்குள் செலவிட்ட உழைப்பும் நேரமும் மதிப்பை உண்டாக்கும் என்று ஒரு நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட ஆரம்ப வழக்குகளில் இது ஒன்று.

எதீரியம் என்ற பிளாக்செயினை உருவாக்கிய விட்டாலிக் புட்டரின் தன் வாழ்க்கைக் குறிப்பில் சொல்லும் கதையும் இதே இனத்தைச் சேர்ந்தது. 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' ஆட்டத்தில் அவருக்குப் பிடித்த பாத்திரத்தின் ஒரு மந்திர சக்தியைப் பிளிஸார்ட் நிறுவனம் ஒரு திருத்தத்தில் பலவீனப்படுத்தியது. பையன் அழுதுகொண்டே தூங்கினான், மைய அதிகாரம் எவ்வளவு கொடியது என்று அன்றைக்குப் புரிந்தது என்கிறார். பாதி வேடிக்கையாகச் சொன்னதுதான். ஆனால் அவர் அழுதது எதற்காக என்று கவனியுங்கள். அவருடைய பொருளை யாரும் திருடவில்லை. விதியை மாற்றினார்கள். பிளாக்செயின் விளையாட்டின் புராணக் கதையே விதியைப் பற்றியது. அதிலிருந்து பிறந்த மருந்தோ பொருளைப் பற்றியது. நோய் ஓரிடம், சூடு வேறிடம்.

மூன்றாவது உதாரணம் இன்னும் அரசியலானது. 2019 அக்டோபரில் 'ஹார்த்ஸ்டோன்' சீட்டாட்டப் போட்டியில் பிளிட்ஸ்சங் என்ற ஹாங்காங் ஆட்டக்காரர், வென்ற பிறகு நடந்த நேர்காணலில் ஹாங்காங் விடுதலை முழக்கத்தை எழுப்பினார். பிளிஸார்ட் அவருக்கு ஓராண்டுத் தடை விதித்துப் பரிசுத் தொகையையும் நிறுத்தியது. எதிர்ப்புக் கிளம்பியதும் பரிசைத் திருப்பித் தந்து தடையை ஆறு மாதமாகக் குறைத்தது. இடையில், 'காட்ஸ் அன்செயின்ட்' என்ற பிளாக்செயின் சீட்டாட்டத்தின் நிறுவனத்தார் அந்தப் பரிசை நாங்கள் தருகிறோம் என்று முன்வந்தார்கள். எங்கள் ஆட்டத்தில் சீட்டு உங்களுடையது, உங்கள் அரசியலுக்காக யாரும் பறிக்க மாட்டார்கள் என்பது அவர்கள் சொன்னதன் உட்பொருள். நல்ல விளம்பரம்தான். விளம்பரமாக இருந்ததாலேயே அது எழுப்பிய கேள்வி பொய்யாகிவிடாது. பேச்சுக்காக ஒருவரின் உழைப்பைப் பறிக்கும் அதிகாரம் ஒரு கம்பெனிக்கு ஏன் இருக்க வேண்டும்?

3

ஆட்டப் பொருளுக்குக் காசு என்பது பிளாக்செயினோடு பிறந்ததில்லை. 1999இல் வெளியான 'எவர்குவெஸ்ட்' ஆட்டத்தின் பொருட்கள் ஈபே ஏலத்தில் டாலருக்கு விற்றன. எட்வர்ட் கேஸ்ட்ரோனோவா என்ற பொருளாதார அறிஞர் 2001இல் அந்த விலைகளை வைத்துக் கணக்குப் போட்டார். நார்ராத் என்ற அந்தக் கற்பனை நாட்டின் தலா உற்பத்தி ரஷ்யாவுக்கும் பல்கேரியாவுக்கும் இடையில் வந்து நின்றது.

மேற்கத்திய ஆட்டக்காரருக்கு நேரம் இல்லை, காசு இருக்கிறது. சீனத்து இளைஞருக்கு நேரம் இருக்கிறது, காசு இல்லை. இந்த இடைவெளியில் ஒரு தொழில் பிறந்தது. 'தங்க வேளாண்மை' என்று அதற்குப் பெயர். கூடங்களில் வரிசையாக உட்கார்ந்து பன்னிரண்டு மணி நேரம் ஒரே அரக்கனைத் திரும்பத் திரும்பக் கொன்று ஆட்ட நாணயத்தைச் சேர்ப்பது, அதை டாலருக்கு விற்பது. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் ஹீக்ஸ் 2008இல் செய்த மதிப்பீட்டின்படி ஏறத்தாழ 4 லட்சம் பேர் இந்த வேலையில் இருந்தார்கள். கம்பெனிகள் இவர்களைத் துரத்தின, கணக்குகளை முடக்கின. வெள்ளைக்கார ஆட்டக்காரர்கள் 'சைனீஸ் ஃபார்மர்' என்பதை வசைச் சொல்லாக்கினார்கள். விளையாட்டு ஓய்வுக்காரனின் உரிமை, அதில் உழைக்க வருகிறவன் அத்துமீறியவன் என்ற கருத்தியல் எவ்வளவு இயல்பாக வேலை செய்தது பாருங்கள்.

அடுத்த கட்டத்தில் கம்பெனியே கடை விரித்தது. 2012 மே மாதம் வெளியான 'டயாப்ளோ 3' ஆட்டத்துக்குள் ஜூன் மாதம் பிளிஸார்ட் ஓர் உண்மைப் பண ஏலக்கூடத்தைத் திறந்தது. ஆடுகிறவர் தனக்குக் கிடைத்த வாளை டாலருக்கு விற்கலாம், விற்கும் ஒவ்வொரு ஆயுதத்துக்கும் கம்பெனிக்கு ஒரு டாலர் தரகு. கள்ளச் சந்தை ஒழியும், ஆடுகிறவருக்கு வருமானம் வரும், எல்லாருக்கும் லாபம் என்றார்கள். 2014 மார்ச் 18இல் அதை மூடினார்கள். மூடுவதற்கு அவர்களே சொன்ன காரணம் முக்கியமானது. அரக்கனைக் கொன்று நல்ல ஆயுதம் எடுப்பதுதான் ஆட்டத்தின் உயிர். கடையில் அதைவிட நல்ல ஆயுதம் சில டாலருக்குக் கிடைக்கும்போது அரக்கனை எதற்குக் கொல்ல வேண்டும்? ஏலக்கூடம் ஆட்டத்தை உள்ளிருந்து தின்றது. இத்தனைக்கும் இதில் பிளாக்செயினும் கிடையாது, டோக்கனும் கிடையாது. சந்தை என்ற ஒன்றே போதுமாக இருந்தது.

இந்தப் பாடம் அச்சிலேறிய மூன்றே ஆண்டுகளில், 2017 நவம்பரில், 'கிரிப்டோகிட்டீஸ்' வந்தது. பூனைகளை வாங்கலாம், இணைசேர்க்கலாம், குட்டியை விற்கலாம். அவ்வளவுதான் ஆட்டம். டிசம்பரில் பூனைக்கூட்டம் எதீரியம் வலையமைப்பையே திணறடித்தது. ஒரு பூனை 1 லட்சம் டாலருக்கு மேல் போனது. டயாப்ளோவில் ஆட்டத்தின் ஓரத்தில் இருந்த கடை இங்கே நடுக்கூடத்துக்கு வந்துவிட்டது. கடைக்குப் போவதே ஆட்டம் என்றாகிவிட்டது.

4

2018இல் வியட்நாமின் ஹோ சி மின் நகரில் உருவான ஸ்கை மேவிஸ் நிறுவனத்தின் 'ஆக்ஸி இன்ஃபினிட்டி' இந்த மரபின் அடுத்த வாரிசு. போக்கிமான் ஜாடையில் குண்டுக் குண்டாகச் சில பிராணிகள். ஒவ்வொன்றும் ஒரு ஆக்ஸி, ஒரு என்.எஃப்.டி. ஆட மூன்று ஆக்ஸி வேண்டும். சண்டையில் வென்றால் எஸ்.எல்.பி. என்ற டோக்கன் கிடைக்கும். இரண்டு ஆக்ஸிகளை இணைசேர்த்துப் புது ஆக்ஸி உண்டாக்க எஸ்.எல்.பி.யைச் செலவிட வேண்டும், அப்படிச் செலவிட்டது அழிந்துபோகும். எஸ்.எல்.பி.யைக் கிரிப்டோ சந்தையில் விற்றுப் பணமாக்கலாம்.

வட்டத்தைச் சுற்றிப் பார்ப்போம். எஸ்.எல்.பி.யை யார் வாங்குவார்? புது ஆக்ஸி உண்டாக்க விரும்புகிறவர். புது ஆக்ஸியை யார் வாங்குவார்? புதிதாக ஆட வருகிறவர். அவர் ஏன் வருகிறார்? எஸ்.எல்.பி. ஈட்ட. சந்தோஷத்துக்காக மட்டும் காசு செலவழித்துவிட்டு, நஷ்டத்தைப் பற்றிக் கவலைப்படாமல் எழுந்து போகிறவர் இந்த வட்டத்தில் எங்குமே இல்லை. சினிமாக் கொட்டகைக்குப் போகிறவர் அப்படித்தான் போகிறார். நூறு ரூபாய் போனது, இரண்டு மணி நேரம் சிரித்தோம், தீர்ந்தது. அந்த நூறு ரூபாயில்தான் நடிகருக்கும் டிக்கெட் கிழிப்பவருக்கும் கூலி. எல்லாரும் கூலிக்காரராகவே வந்து உட்காரும் கொட்டகையில் கூலியை யார் கொடுப்பது? அடுத்து வருகிறவர்தான் கொடுக்க வேண்டும். நம்மூர்ச் சீட்டுக் கம்பெனிகளைப் பார்த்தவர்களுக்கு மேலே விளக்கத் தேவையில்லை.

2020 மார்ச்சில் கொள்ளைநோய் ஊரடங்கு வந்தது. பிலிப்பைன்ஸில் வேலைகள் நின்றன. நியூவா எசிஹா மாகாணத்தின் கபனதுவான் நகரில் சிலர் ஆக்ஸி ஆடத் தொடங்கி, அதிலிருந்து வருமானம் வருவதை அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். 2021 மே மாதம் வெளியான ஒரு குறும் ஆவணப்படம் இந்த ஊரை உலகுக்குக் காட்டியது. பெட்டிக்கடை நடத்தும் வயதான தம்பதியும் அதில் ஆக்ஸி ஆடுகிறார்கள். அந்த ஆண்டின் நடுவில் ஒரு எஸ்.எல்.பி.யின் விலை 35 அமெரிக்க சென்ட்டைத் தொட்டது. நாளுக்கு 100 எஸ்.எல்.பி. எடுத்தவருக்கு 35 டாலர். அந்த மாகாணத்தின் குறைந்தபட்சத் தினக்கூலியைப் போல இது பல மடங்கு. 2021 நவம்பரில் நாளொன்றுக்கு ஆடுகிறவர்களின் எண்ணிக்கை 27 லட்சத்தை எட்டியது. அதற்கு முந்தைய மாதம்தான் ஆண்ட்ரீசன் ஹோரோவிட்ஸ் நிறுவனத்தின் தலைமையில் ஸ்கை மேவிஸுக்கு 15 கோடி டாலருக்கு மேல் முதலீடு வந்திருந்தது.

ஆனால் இதற்குள் ஒரு பிளவு விழுந்துவிட்டது. தேவை கூடக்கூட ஆக்ஸி விலை ஏறியது. மூன்று ஆக்ஸிக்கு ஆயிரம் டாலருக்கு மேல் ஆன மாதங்கள் உண்டு. வேலை போனவரிடம் ஆயிரம் டாலர் எங்கே இருக்கும்? ஆகவே ஆக்ஸி வைத்திருப்பவர் ஒருவர், ஆடுகிறவர் இன்னொருவர் என்றானது. வைத்திருப்பவருக்கு 'மேனேஜர்', ஆடுகிறவருக்கு 'ஸ்காலர்', ஏற்பாட்டுக்கு 'ஸ்காலர்ஷிப்'. ஆடுகிறவர் ஈட்டியதில் ஒரு பங்கு மேனேஜருக்கு. கணக்கின் சாவி எப்போதும் மேனேஜரிடம். தினமும் இத்தனை எஸ்.எல்.பி. என்று இலக்கு வைத்து, தவறினால் வேறு ஆளை வைத்துக்கொண்ட மேனேஜர்கள் நிறையப் பேர். பிலிப்பைன்ஸில் வேர்விட்ட யீல்ட் கில்ட் கேம்ஸ் என்ற அமைப்பு இதையே பெருந்தொழிலாக்கியது. அங்கே ஆடுகிறவருக்கு 70, அவரைத் திரட்டிப் பழக்கும் உள்ளூர் மேலாளருக்கு 20, கில்டுக்கு 10 என்று பங்கு.

'ஆடுபவனுக்கே உடைமை' என்று தொடங்கிய கதை இங்கே வந்து நிற்கிறது. உடைமை உள்ளவர் ஆடுவதில்லை. ஆடுகிறவருக்கு உடைமை இல்லை.

5

இது நடந்த இடம் நியூவா எசிஹா என்பதுதான் என்னை இந்தக் கட்டுரைக்கு இழுத்து வந்தது. மத்திய லூசோன் சமவெளியில் இருக்கும் அந்த மாகாணம் பிலிப்பைன்ஸின் நெற்களஞ்சியம். வாரக் குத்தகையின் நீண்ட வரலாறும் அதற்கு உண்டு. அங்கே வாரக்குடிக்குப் பெயர் 'கசமா'. அந்தச் சொல்லுக்குக் கூட்டாளி, துணைவர் என்றே நேர்ப்பொருள். 'கசமா' என்றாலும் 'ஸ்காலர்' என்றாலும் சுரண்டல் எப்போதும் மரியாதையான பெயரில்தான் கூப்பிடும்.

ஜப்பானிய ஆக்கிரமிப்பை எதிர்த்த ஹுக்பலஹாப் படை 1942 மார்ச்சில் உருவானது இந்த மாகாணத்தின் கபியாவோவில். போருக்குப் பிறகு அதே விவசாயிகள் 1946லிருந்து நிலவுடைமைக்கும் அரசுக்கும் எதிராக ஆயுதம் எடுத்தார்கள். இதே மாகாணத்தின் ஒரு கிராமத்தை மையமாக வைத்து ஹுக் எழுச்சியை ஆராய்ந்த பெனடிக்ட் கெர்க்வ்லியட் 1977இல் வெளியிட்ட நூலில் காட்டுவது ஒன்று உண்டு. அந்த விவசாயிகள் எடுத்த எடுப்பில் நிலத்தைக் கேட்கவில்லை. விளைச்சலில் நியாயமான பங்கைக் கேட்டார்கள், பஞ்ச மாதத்தில் வட்டியில்லா நெற்கடன் கேட்டார்கள். மணிலாவின் பதில்களில் ஒன்று 1946இன் பங்குச் சட்டம். உழவு மாடும் கருவியும் சாகுபடிச் செலவும் குடியானவருடையது என்றால் அவருக்கு 70, நிலக்காரருக்கு 30. சட்டம் ஏட்டில் இருந்தது, களத்துமேட்டில் இல்லை. வாரமுறையையே ஒழிக்கும் சட்டம் 1963இல்தான் வந்தது. நெல், சோள நிலங்களுக்கான மார்கோஸின் நிலச் சீர்திருத்த ஆணை 1972இல் வந்தது.

எழுபது, முப்பது. கில்டின் கணக்கிலும் அதே எண். இது தற்செயல்தான், ஒன்றிலிருந்து ஒன்று பிறந்தது என்று நான் சொல்ல வரவில்லை. பங்கு விகிதத்தைத் தாராளமாக்கிவிட்டால் உறவு நியாயமாகிவிடும் என்ற நம்பிக்கை இரண்டு இடத்திலும் ஒன்றாக இருக்கிறது என்பதைத்தான் சொல்கிறேன். ஆக்ஸி உலகத்துக்கும் லுனேஷியா என்று பெயர் வைத்து, 90,601 மனைகளாகப் பிரித்து, ஆட்டம் முழுமையாவதற்கு முன்பே 2019இலேயே விற்பனையைத் தொடங்கினார்கள். நிலமும் வாரமும் உருவகமாகக்கூட அங்கே மிஞ்சவில்லை, நேரடியாகவே வந்துவிட்டன.

ஒரு வித்தியாசத்தை மறைக்கக் கூடாது. கசமாவுக்கு நெல் விலை விழுந்தாலும் நெல் இருந்தது, பொங்கித் தின்னலாம். எஸ்.எல்.பி.யைத் தின்ன முடியாது. அதே சமயம், ஊரடங்கில் யாரும் திரும்பிப் பார்க்காத குடும்பங்களுக்கு அந்த மாதங்களில் சோறு போட்டதும் இதுதான். ஆடியவர்களை ஏமாளிகள் என்று சொல்கிற தொனி எனக்கு உடன்பாடில்லை. கையில் கிடைத்த வேலையைச் செய்தார்கள். அது வேலை என்று ஒப்புக்கொள்ளாமல் விளையாட்டு என்றே அழைத்த சொல்லாடல்தான் விசாரணைக்கு உரியது. வேலை என்று சொல்லியிருந்தால் கூலி, நேரம், பாதுகாப்பு என்ற பேச்சு எழுந்திருக்கும். வரி மட்டும் தவறாமல் வந்தது. இந்த வருமானத்துக்கு வரி உண்டு என்று பிலிப்பைன்ஸ் நிதித்துறை 2021 ஆகஸ்டிலேயே அறிவித்தது.

6

எஸ்.எல்.பி. அழிவதைவிட வேகமாகப் பெருகிக்கொண்டிருந்தது. 2022 தொடக்கத்தில் விலை ஒரு சென்ட் அளவுக்கு வந்துவிட்டது. அதே 100 எஸ்.எல்.பி.க்கு இப்போது ஒரு டாலர், அதிலும் மேனேஜர் பங்கு போக மீதி. பிப்ரவரியில் ஸ்கை மேவிஸ், தனியாக ஆடும் சாகசப் பகுதிக்கும் அன்றாடப் பணிக்கும் கொடுத்துவந்த எஸ்.எல்.பி.யை அடியோடு நிறுத்தியது. பொருளாதாரம் முழுவதுமாக நொறுங்காமல் தடுக்க வேறு வழியில்லை என்றார்கள். அவர்கள் தரப்பில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் இலட்சக்கணக்கானோரின் அன்றாடக் கூலியை ஒரு நிறுவனம் ஓர் அறிவிப்பில் வெட்டியது. ஏட்டில் ஒவ்வொருவர் பெயரிலும் ஆக்ஸி அப்படியே இருந்தது. பட்டா பத்திரம், தண்ணீரைத்தான் நிறுத்தினார்கள்.

புட்டரின் அழுத இரவுக்கு நாம் திரும்பி வந்துவிட்டோம். விதியை மாற்றும் கை மாறவேயில்லை.

ஏடாவது பரவலாக இருந்ததா? ஆக்ஸிக்கென்று ஸ்கை மேவிஸ் ரோனின் என்ற தனிப் பிளாக்செயினை வைத்திருந்தது. பணத்தை வெளியே எடுக்க ஒன்பது சரிபார்ப்பவர்களில் ஐந்து பேர் ஒப்புதல் வேண்டும். அந்த ஒன்பதில் நான்கு ஸ்கை மேவிஸிடமே இருந்தன. ஐந்தாவதன் சார்பில் கையொப்பமிடும் அனுமதியை 2021 நவம்பரில் தற்காலிகமாக வாங்கி, வேலை முடிந்தும் ரத்து செய்யாமல் விட்டிருந்தார்கள். 2022 மார்ச் 23இல் ஊடுருவியவர்கள் இந்த ஐந்து சாவிகளோடு 1,73,600 ஈதரையும் 2.55 கோடி யு.எஸ்.டி.சி.யையும் அள்ளிக்கொண்டு போனார்கள். மதிப்பு 60 கோடி டாலருக்கு மேல். ஆறு நாள் யாருக்கும் தெரியவில்லை. ஒருவர் தன் பணத்தை எடுக்கப் போய் முடியாமல் திரும்பியபோதுதான் விஷயம் வெளிவந்தது. வட கொரியாவோடு தொடர்புடைய லாசரஸ் குழுவின் வேலை இது என்று அமெரிக்கப் புலனாய்வுத் துறை ஏப்ரலில் அறிவித்தது. நிறுவனம் புது முதலீடு திரட்டி ஜூன் இறுதியில் இழப்பை ஈடுகட்டியது உண்மை. ஆனால் நூறு வீட்டில் ஏடு என்று சொல்லப்பட்ட இடத்தில் ஒன்பது வீடுதான் இருந்தது, அதில் ஐந்து வீட்டுச் சாவி ஒரே கொத்தில் தொங்கியது என்பது அம்பலமாகிவிட்டது.

'ஆட்சியுரிமை டோக்கன் தருகிறோமே, அதை வைத்து ஓட்டுப் போடலாமே' என்பார்கள். ஆளுக்கு ஒரு ஓட்டு இல்லை, டோக்கனுக்கு ஒரு ஓட்டு. இதற்குக் கம்பெனிப் பங்குதாரர் கூட்டம் என்று பழைய பெயர் ஒன்று ஏற்கனவே இருக்கிறது. ஐஸ்லாந்து நிறுவனம் உருவாக்கிய 'ஈவ் ஆன்லைன்' ஆட்டத்தில், எந்த டோக்கனும் இல்லாமல், 2008இலிருந்து ஆடுகிறவர்கள் தேர்ந்தெடுக்கும் ஒரு மன்றம் இயங்குகிறது. அதற்கு ஆலோசனை சொல்லும் உரிமைதான் உண்டு, கட்டுப்படுத்தும் அதிகாரம் இல்லை. என்றாலும் விதியைப் பற்றிப் பேசும் இடம் என்ற ஒன்றாவது அங்கே இருக்கிறது.

7

2022க்குப் பிறகு இத்துறையினர் பேச்சை மாற்றிக்கொண்டார்கள். 'ஆடி ஈட்டு' போய் 'ஆடு, கூடவே ஈட்டு' வந்தது. முதலில் இன்பம், பிறகு உடைமை, இரண்டுக்கும் சமநிலை வேண்டும் என்கிறார்கள். தராசின் இரு தட்டு போல இன்பத்தையும் உடைமையையும் எதிரெதிரே வைத்து, எவ்வளவு எடை போட்டால் முள் நடுவில் நிற்கும் என்று தேடுகிறார்கள். கேள்வியே தவறான இடத்தில் நிற்கிறது என்பது என் எண்ணம்.

ரோஜே கையுவா 1958இல் விளையாட்டைப் பற்றி எழுதும்போது, விளையாட்டு எந்தச் செல்வத்தையும் உண்டாக்குவதில்லை, சூதாட்டத்தில்கூடச் சொத்து கைமாறுகிறதே தவிர உற்பத்தியாவதில்லை என்றார். தமிழ் படித்தவன் என்ற முறையில் எனக்குத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நினைவுக்கு வருகிறது. உவகை பிறக்கும் நான்கு நிலைக்களன்களைச் சொல்லும்போது செல்வத்தையும் விளையாட்டையும் தனித்தனியாக எண்ணுகிறார் தொல்காப்பியர். செல்வத்தால் வரும் மகிழ்ச்சி உண்டு, விளையாட்டால் வரும் மகிழ்ச்சியும் உண்டு, ஒன்று மற்றதற்குள் அடங்காது. தோற்றால் சோறில்லை என்ற நிலையில் ஒருவர் ஆடும்போது முதலாவதன் கவலை இரண்டாவதை விழுங்கிவிடுகிறது. வடிவமைப்பாளரின் எந்தக் கெட்டிக்காரத்தனமும் இதை மாற்றாது.

பொருளுக்கு விலை இருந்தாலே இன்பம் போய்விடுமா என்றால், அப்படியும் இல்லை. 'கவுண்டர் ஸ்ட்ரைக்' ஆட்டத்தில் 2013 முதல் துப்பாக்கியின் மேல்பூச்சுகளை வாங்கி விற்கலாம். பூச்சு அழகாக இருந்தால் குறி நன்றாக விழாது, அதனால் ஆட்டம் பிழைத்திருக்கிறது. ஆனால் அங்கேயும் அந்தப் பூச்சுகளை வைத்துச் சூதாட்டத் தளங்கள் முளைத்தன, 2016இல் வால்வ் நிறுவனம் அவற்றுக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டி வந்தது. 2025 அக்டோபரில் வால்வ் ஒரு சிறு விதியை மாற்றி, அரிதான கத்திகளை உண்டாக்கப் புது வழி திறந்தது. ஒரே நாளில் ஏறத்தாழ 200 கோடி டாலர் மதிப்பு சரிந்ததாகச் சந்தைக் கணக்குகள் காட்டின. 2021இல் பிளாக்செயின் ஆட்டங்களைத் தன் கடையில் அனுமதிக்க மாட்டேன் என்று சொன்ன அதே வால்வ்தான். பிளாக்செயின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் விதியை வைத்திருப்பவரே ஆண்டை.

ஆட்டமே மூடப்பட்டால் பட்டா என்ன ஆகும்? 'எஃப்1 டெல்டா டைம்' என்ற கார்ப் பந்தய ஆட்டத்தில் 2019 மே மாதம் ஒரு என்.எஃப்.டி. கார் 1 லட்சம் டாலருக்கு மேல் விற்றது. 2022 மார்ச்சில் ஃபார்முலா ஒன் உரிமம் நீடிக்காததால் ஆட்டத்தை மூடிவிட்டார்கள். நிறுவனம் வேறு ஆட்டங்களின் பொருட்களை மாற்றாகத் தந்தது. கார் இன்னும் ஏட்டில் வாங்கியவர் பெயரிலேயே இருக்கிறது. ஓட்டுவதற்கு ரோடு இல்லை.

எதிர்ப்பக்கத்தில், டோக்கன் எதுவும் இல்லாத ஓர் இயக்கத்தைப் பார்க்கலாம். 2024 மார்ச் 31இல் யூபிசாஃப்ட் நிறுவனம் 'தி க்ரூ' என்ற தன் கார் ஆட்டத்தின் சர்வர்களை நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கியவர்கள் யாராலும் அதை ஆட முடியாமல் போனது. அதிலிருந்து எழுந்த 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கத்தின் கோரிக்கை எளிமையானது. ஆட்டத்தை என்றென்றைக்கும் நடத்து என்று அவர்கள் கேட்கவில்லை. கைவிடும்போது அதை ஆடக்கூடிய நிலையில் விட்டுப் போ என்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் குடிமக்கள் முன்முயற்சி வழியாக அவர்கள் திரட்டிய கையெழுத்துகள் 2025 ஜூலையில் 10 லட்சத்தைத் தாண்டின. விற்பதற்கான உரிமையை இவர்கள் கேட்கவில்லை, ஆடுவதற்கான உரிமையைக் கேட்கிறார்கள். உடைமை என்ற சொல்லைச் சந்தையிடமிருந்து மீட்பதற்கான ஒரு தொடக்கமாக இதை நான் வாசிக்கிறேன். நிலத்தை விற்கும் உரிமைக்காக உழவர்கள் போராடியதாக நாம் படிப்பதில்லை. வெளியேற்றப்படாமல் உழுகிற உரிமைக்காகப் போராடினார்கள்.

ஆகவே, ஆடுகிறவருக்கு உடைமை தருகிறோம் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களிடம் கேட்க மூன்று கேள்விகள் போதும். டோக்கன் எவ்வளவு அச்சாக வேண்டும் என்று தீர்மானிப்பது யார், அந்த இடத்தில் ஆடுகிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு ஓட்டு உண்டா? கம்பெனி போன பிறகும் ஆட்டத்தை ஆட முடியுமா? எல்லாப் பொருட்களின் விலையும் பூஜ்யமாகிவிட்ட மறுநாள் காலையில், யாராவது ஒரு குழந்தை இதை ஆட உட்காருமா? கபனதுவானில் மேனேஜர் ஒருவர் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றிக்கொண்டு போன பிறகு, அங்கே இருந்தவர்கள் கேட்டிருக்கக்கூடிய கேள்விகள் இவை. அப்போது கேட்பதற்கு ஆளும் இல்லை, இடமும் இல்லை.